சட்டம் அறிவோம்: நம் காணியில் வேறு ஆள் வேலி போட்டால்



"வன்னியில எங்க அப்பா வெட்டித் திருத்தின காணி ரெண்டு ஏக்கர் இருக்கு. இப்ப போய்ப் பாத்தா வேற யாரோ வேலி போட்டு வாழ வச்சிருக்காங்க. கேட்டா 'உறுதி எங்க?'ன்னு கேக்குறாங்க. என்ன செய்றது?"

தோட்டம் தோட்டமாகச் செல்லும்போது இந்தக் கேள்வியை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். ஆள் வேறு, ஊர் வேறு, கேள்வி ஒன்றுதான். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்த நம் சனத்துக்கு, "இது என் நிலம்" என்று முதன்முதலில் சொல்லக் கிடைத்த இடம் பல குடும்பங்களுக்கு வன்னிதான். ஆகவே இந்த இதழில், பதிவு செய்த காணியில் பிறர் அத்துமீறினால் சொந்தக்காரர் சட்டப்படி என்ன செய்யலாம் என்பதைப் படிப்போம். படித்து முடித்ததும் வன்னியில் உறவினர் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நாம் வன்னிக்குப் போன கதை

1958, 1977, 1981 ஆகிய ஆண்டுகளின் இனக்கலவரங்களில் அடிபட்ட மலையக மக்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறினார்கள். 1977க்குப் பிறகு போனவர்கள் அதிகம். கட்டிடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் எஸ். இராஜசுந்தரம் ஆகியோர் நடத்திய காந்தியம் அமைப்பு, அப்படி வந்தவர்கள் காடு வெட்டிக் குடியேற உதவியது. இருவரும் 1983இல் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் தப்பிப் பிழைத்தார்.

அந்நாட்களில் நம் சனத்துக்கு ஒரு பெரிய குறை இருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள் நாம். அரச காணிக்கு அனுமதிப்பத்திரம், அதாவது 'பெர்மிட்', பெறுவதற்கோ இலங்கைக் குடியுரிமை வேண்டும். இதனால் பலர் காகிதம் எதுவும் இல்லாமலே காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் எஞ்சியிருந்த நாடற்றோர் பிரச்சினைக்குப் பெருமளவில் முடிவு கிடைத்தது.

டொலர் பாம், கென்ட் பாம் என்ற பெயர்களை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முல்லைத்தீவு, வவுனியா எல்லைப் பக்கத்தில் இருந்த அந்தப் பண்ணைகள் குத்தகைக்குக் கொடுக்கப்பட்ட அரச காணிகள். அங்கே குடியமர்ந்த மலையகக் குடும்பங்கள் 1984இல் வெளியேற்றப்பட்டன. அவர்களுக்குப் பதிலாகச் சிங்களக் கைதிகளும் அவர்களுடைய குடும்பங்களும் கொண்டுவரப்பட்டனர். 1984 நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் அங்கே தாக்கி, அந்தக் குடியேற்றக்காரர்களைக் கொன்றார்கள். இரு பக்கமும் ஏழைகள்தான் அழிந்தார்கள். நம் குடும்பங்களைப் பொறுத்தவரை இதில் ஒரு சட்டப் பாடமும் உண்டு. குத்தகை வேறொருவர் பெயரில் இருந்தது. அங்கே வேர்வை சிந்தியவர்களின் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

முதல் படி: உங்கள் கையில் இருப்பது என்ன?

வழக்கைப் பற்றி யோசிக்கும் முன், வீட்டுப் பெட்டியில் இருக்கும் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். அது பின்வரும் நான்கில் ஒன்றாக இருக்கும்.

1. உறுதி. காணியை விற்றதாக, நன்கொடை கொடுத்ததாக அல்லது சீதனமாகக் கொடுத்ததாக, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒப்பமிட்டு எழுதிய பத்திரம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணியைக் கைமாற்ற இது அவசியம். வெள்ளைக் கடதாசியில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கியது உறுதி ஆகாது.

2. அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுப்பது. முதலில் பெர்மிட். நிபந்தனைகளை நிறைவேற்றிய பிறகு அளிப்பு.

3. குத்தகைப் பத்திரம். இது காலம் குறித்த உரிமை. சொந்தம் அல்ல.

4. வாய்ச்சொல்லும் வேறு துண்டுகளும். கிராம அலுவலரின் கடிதம், பழைய பங்கீட்டு அட்டை, வரிப் பற்றுச்சீட்டு, மின்சாரப் பட்டியல் போன்றவை. இவை உரிமையைத் தராது. ஆனால் "நான் அங்கே இருந்தேன்" என்று காட்ட நல்ல சாட்சியம். வீசிவிடாதீர்கள்.

யுத்தத்தில் உறுதி எரிந்துபோனால் உரிமை எரிந்துபோகாது. உறுதி பதிவு செய்யப்பட்டிருந்தால் காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். பெர்மிட்டானால் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பதிவு செய்தால் போதுமா?

"ரிஜிஸ்டர் பண்ணின காணி, யாராலும் அசைக்க முடியாது" என்று நம்மவர்கள் சொல்வார்கள். இது பாதி உண்மை. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பதியப்படுவது உறுதி என்ற பத்திரம்தான். எழுதிக் கொடுத்தவருக்கு உரிமையே இல்லாவிட்டால், பதிவு அந்தக் குறையைத் தீர்க்காது. ஆனால் ஒரே காணியை ஒரே ஆள் இருவருக்கு எழுதிக் கொடுத்தால், மோசடி இல்லாமல் பெறுமதி கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவருக்கு முன்னுரிமை உண்டு. ஆகவே பதியாத உறுதியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க வேண்டாம்.

இதைவிட வேறான ஒரு முறையும் உண்டு. 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம், 'பிம் சவிய' என்று சொல்வார்களே, அதன்படி அளந்து விசாரித்து உரிமையையே பதிந்து சான்றிதழ் கொடுக்கிறார்கள். உங்கள் காணி எந்த முறையில் பதியப்பட்டது என்பதைப் பதிவகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எது அத்துமீறல்?

உங்கள் அனுமதி இல்லாமல் ஒருவர் காணிக்குள் வந்து வேலி போடுவது, எல்லைக் கதியாலைத் தள்ளி நடுவது, மரம் தறிப்பது, பயிர் செய்வது, கொட்டில் போடுவது எல்லாம் அத்துமீறல்தான். ஆனால் எல்லா அத்துமீறலும் குற்றம் ஆகாது. தண்டனைச் சட்டக் கோவையின் 427ஆம் பிரிவுப்படி, குற்றம் செய்யும் நோக்கத்தோடோ, இருப்பவரைப் பயமுறுத்த, அவமானப்படுத்த அல்லது தொல்லைப்படுத்தும் நோக்கத்தோடோ நுழைந்தால்தான் அது குற்றமாகும் அத்துமீறல். "இது என் காணி" என்று நேர்மையாக நம்பி வந்தவரைப் பொலிஸ் பிடித்து அடைக்காது. அது உரிமைப் பிணக்கு, தீர்க்க வேண்டியது நீதிமன்றம். பொலிசில் முறைப்பாடு போட்டும் "சிவில் கேஸ்" என்று திருப்பி அனுப்பினார்கள் என்று வருந்துபவர்களுக்கு இதுதான் காரணம்.

இரண்டு மாதம், ஒரு வருடம், பத்து வருடம்

இந்தப் பாடத்தில் மனப்பாடம் செய்ய வேண்டியது இந்த மூன்று கணக்குகள்தான்.

இரண்டு மாதம். காணிப் பிணக்கால் அடிதடி வரும், சமாதானம் குலையும் என்ற நிலை இருந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு உதவும். பொலிஸ் நீதிமன்றத்துக்குத் தகவல் கொடுக்கலாம். பொலிஸ் அசையாவிட்டால், பிணக்கில் சம்பந்தப்பட்டவரே சத்தியக்கடதாசியோடு மனுப் போடலாம். இங்கே நீதிபதி "உறுதி யாருக்கு?" என்று முடிவு செய்ய மாட்டார். தகவல் கொடுத்த நாளில் யார் இருந்தார் என்றே பார்ப்பார். ஆனால் அந்த நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் உங்களைப் பலவந்தமாக வெளியேற்றியிருந்தால், உங்களைத் திரும்ப அமர்த்தும்படி கட்டளையிடலாம். வழி, வாய்க்கால் போன்ற உரிமைகளுக்கும் இதே சட்டத்தில் இடம் உண்டு. மற்ற வழிகளைவிட இது விரைவானது. ஆனால் முடிவானது அல்ல. தோற்றவர் மாவட்ட நீதிமன்றத்தில் உரிமை வழக்குப் போடலாம்.

ஒரு வருடம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, சட்ட வழியில் இல்லாமல் காணியிலிருந்து வெளியேற்றப்பட்டவர் ஒரு வருடத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டால், உரிமையை நிரூபிக்காமலே ஆட்சியைத் திரும்பப் பெறலாம் என்கிறது. உறுதி தொலைந்தவர்களுக்கும் உறுதியில் சிக்கல் உள்ளவர்களுக்கும் இது பெரிய கைகொடுப்பு.

பத்து வருடம். அதே சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி, ஒருவர் சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல், தொடர்ந்து, தடையில்லாமல் பத்து வருடம் ஆண்டால், காணி அவருக்கே போகக்கூடும். "பத்து வருசம் இருந்தா காணி அவனுக்குத்தான்" என்று ஊரில் சொல்வது இதைத்தான். ஆனால் அதில் ஒரு திருத்தம் உண்டு. நீங்கள் "பார்த்துக்கொள்" என்று விட்டுச் சென்றவர், வாடகைக்கு இருப்பவர், வாரத்துக்குச் செய்பவர் ஆகியோர் உங்கள் அனுமதியில் இருப்பவர்கள். அனுமதியில் இருந்தவர் வெறும் வருடக் கணக்கைக் காட்டிச் சொந்தம் கொண்டாட முடியாது. அந்த அனுமதியை நிரூபிக்க எழுத்து வேண்டும் என்பதுதான் சங்கடம்.

யுத்த காலத்தில் திரும்பி வர முடியாதவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட அது இடம் கொடுத்தது. அதன் கீழ் வழக்கிடவும் காலக்கெடு வைக்கப்பட்டிருந்தது. அதை நம்பிக்கொண்டு இன்றும் சும்மா இருக்க வேண்டாம். யுத்தம் முடிந்த 2009இலிருந்து எண்ணினாலும் பத்து வருடம் எப்போதோ கழிந்துவிட்டது. இந்தியாவுக்குப் போனவர்கள், அங்கே அகதி முகாமில் இருப்பவர்கள், சிறு பிள்ளைகள் ஆகியோருக்கு 13ஆம் பிரிவில் சில விலக்குகள் உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

கடிதம் போட்டேன், முறைப்பாடு போட்டேன் என்பதும் சாட்சியம்தான். ஆனால் வருடக் கணக்கை நிறுத்த நம்பத்தக்க வழி நீதிமன்ற வழக்கே.

உரிமை வழக்கு

ஒரு வருடமும் தாண்டிவிட்டால், மாவட்ட நீதிமன்றத்தில் "காணி எனது என்று பிரகடனம் செய்து, இருப்பவரை வெளியேற்றித் தாருங்கள், நட்டமும் பெற்றுத் தாருங்கள்" என்று கேட்டு வழக்கிட வேண்டும். இங்கே இரண்டு விஷயம் உங்கள் தலையில்தான் விழும்.

முதலாவது, உரிமையை நீங்களே நிரூபிக்க வேண்டும். எதிராளியிடம் உறுதி இல்லை என்று காட்டினால் மட்டும் வெல்ல முடியாது. இரண்டாவது, காணி எது என்று அடையாளம் காட்ட வேண்டும். பழைய உறுதியில் "கிழக்கே பாலை மரம், மேற்கே வாய்க்கால்" என்று இருக்கும். மரம் போயிருக்கும், வாய்க்கால் தூர்ந்திருக்கும். ஆகவே நில அளவையாளரின் படம் அவசியம்.

வழக்கு முடியும்வரை கட்டிடம் எழுப்பாமல், விற்காமல் இருக்க இடைக்காலத் தடை கேட்கலாம். வழக்கு நடப்பதைக் காணிப் பதிவகத்திலும் பதிந்துவிடுங்கள். பதிந்தால், இடையில் வாங்குபவர் "எனக்குத் தெரியாது" என்று தப்ப முடியாது. தீர்ப்புக் கிடைத்த பிறகும் வெளியேற்ற வேண்டியவர் நீதிமன்றப் பிஸ்கால்தான். நீங்கள் அல்ல.

பெர்மிட் காணிக்கு வேறு கணக்கு

வன்னியில் நம் சனத்தின் காணிகளில் பெருந்தொகை பெர்மிட் அல்லது அளிப்புக் காணிகள். இவற்றுக்குக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் 161ஆம் பிரிவு நல்ல காவல். பெர்மிட்டிலோ அளிப்பிலோ கொடுத்த காணியை எத்தனை வருடம் ஆண்டாலும், யாரும் ஆட்சியுரிமை பெற முடியாது. பத்து வருடக் கதை இங்கே செல்லாது.

ஆனால் காவலோடு கட்டுப்பாடும் உண்டு. பெர்மிட் காணியை அனுமதி இல்லாமல் விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. "பெர்மிட்டை வாங்கிக்கிட்டேன்" என்று காசைக் கொடுத்து ஏமாறியவர்கள் நம்மில் உண்டு. நீண்ட காலம் இருக்காமலும் பயிரிடாமலும் விட்டால், பெர்மிட்டை இரத்துச் செய்ய நடவடிக்கை எடுக்கலாம். பின்னுரித்தாளியை, அதாவது உங்களுக்குப் பின் யாருக்கு என்பதை, உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் பதிந்துவிடுங்கள். நியமனம் இல்லாவிட்டால் மூத்த ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை என்றிருந்த பழைய முறையை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றியது. பெண் பிள்ளை என்பதால் பின்னுக்குத் தள்ளப்படுவதில்லை.

பெர்மிட் காணியில் ஒருவர் புகுந்தால் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் அறிவித்து, திகதி முத்திரையோடு பிரதி வாங்குங்கள். அனுமதியில்லாமல் அரச காணியில் இருப்பவரை 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, அறிவித்தல் கொடுத்து நீதவான் மூலம் வெளியேற்ற அதிகாரிகளால் முடியும். சண்டை வரும் நிலை என்றால் மேலே சொன்ன 66ஆம் பிரிவும் உண்டு.

அரச தரப்பே காணியில் இருந்தால்?

கேப்பாபிலவு, இரணைதீவு மக்களின் கதை நமக்குத் தெரியும். கேப்பாபிலவின் பிலவுக்குடியிருப்பு மக்கள் தங்கள் காணிக்கு முன்னால் இரவு பகலாக இருந்து, 2017 மார்ச் 1ஆம் திகதி உள்ளே போனார்கள். 1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள், 2018 ஏப்ரல் 23ஆம் திகதி தாங்களே வள்ளம் ஏறித் தீவுக்குத் திரும்பினார்கள். கேப்பாபிலவில் எல்லாருக்கும் எல்லாக் காணியும் அன்றே கிடைத்துவிடவில்லை. தனியார் காணியை அரசு எடுப்பதானால், 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டப்படி அறிவித்தல் கொடுத்து நட்டஈடும் கொடுக்க வேண்டும். அந்த முறை நடக்காவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனுப் போடலாம். இதற்குச் சட்டத்தரணியின் துணை கட்டாயம்.

நாமே பிறர் காணியில் இருந்தால்

இதையும் நேர்மையாகப் பேச வேண்டும். வன்னியில் நம் குடும்பங்கள் பல, யாழ்ப்பாணத்திலோ வெளிநாட்டிலோ இருக்கும் காணிக்காரரின் நிலத்தில் இருக்கின்றன. காவலுக்கு வைத்தார்கள், வேலைக்கு வைத்தார்கள், பிள்ளை குட்டி பெற்று அங்கேயே தலைமுறை மாறிவிட்டது. இப்போது காணிக்காரர் திரும்பி வந்து "எழும்பு" என்கிறார். அவர் கண்ணுக்கு நாம் அத்துமீறியவர்கள்.

அப்படி வந்தால் பயந்து ஒரே இரவில் கிளம்பாதீர்கள். ஆள் வைத்துக் கூரையைப் பிரிக்கக் காணிக்காரருக்கும் உரிமை இல்லை. அவரும் நீதிமன்றம் போக வேண்டும். என்னவென்று தெரியாமல் எந்தக் கடதாசியிலும் கைநாட்டு வைக்காதீர்கள். நல்லெண்ணத்தோடு இருந்து கிணறு, வீடு, நிலையான பயிர் என்று காணியின் பெறுமதியைக் கூட்டியவர், அதற்கு நட்டஈடு கேட்க நம் பொதுச் சட்டத்தில் இடம் உண்டு. பேசித் தீர்க்க முடிந்தால் அதுவே மேல். அரை ஏக்கரை உறுதி எழுதித் தந்து மீதியை எடுத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்ல முடிவாக அமையலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபையில் இப்படிப் பேச வாய்ப்பு உண்டு. காசும் செலவாகாது.

நம் காணியில் புகுந்தவனைப் பற்றிப் பேசும்போது சட்டத்தைக் கேட்கிறோம். நம்மை எழுப்ப வருபவரிடமும் அதே சட்டத்தைக் கேட்போம். இரண்டு இடத்துக்கும் சட்டம் ஒன்றுதான்.

செய்யக் கூடாதவை

• வேலியை நீங்களே பிடுங்கி எறியாதீர்கள். கத்தி எடுத்தவர் நியாயக்காரராக இருந்தாலும் கூண்டில் ஏறுவது அவர்தான்.
• மூல உறுதியைத் தரகரிடம் கொடுக்காதீர்கள். பிரதியே போதும்.
• காணியைப் பார்த்துக்கொள்ள யாரையாவது வைத்தால், சொந்த அண்ணன் தம்பியாக இருந்தாலும் எழுத்து வாங்குங்கள்.
• "பிறகு பார்ப்போம்" என்று விடாதீர்கள். மேலே சொன்ன மூன்று கணக்கும் நாம் தூங்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

செய்ய வேண்டியவை

• வருடத்துக்கு ஒரு தடவையாவது காணிக்குப் போய், எல்லையைப் பார்த்து, துப்புரவு செய்து, படம் எடுத்து வையுங்கள்.
• காணிப் பதிவகத்தில் உங்கள் காணிக்குரிய பதிவேட்டுப் பக்கத்தைப் பார்த்து, உங்களுக்குத் தெரியாமல் வேறு உறுதி ஏறியிருக்கிறதா என்று தேடுங்கள்.
• அத்துமீறல் தெரிந்த அன்றே பொலிசில் முறைப்பாடு போட்டு, இலக்கத்தையும் திகதியையும் எழுதி வையுங்கள்.
• வருமானம் குறைந்தவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. அதன் அலுவலகம் எங்கே என்று அருகிலுள்ள நீதிமன்றத்தில் கேட்டால் சொல்வார்கள். செக்ரோல் சம்பளச் சீட்டைக் கொண்டுபோங்கள்.

விடை சொல்லிப் பாருங்கள்

1. ஆறு வாரத்துக்கு முன் உங்களைப் பலவந்தமாக வெளியேற்றினார்கள். இப்போதும் அடிதடி வரும் நிலை. எந்த நீதிமன்றம்?
2. ஒன்பது மாதம் ஆகிவிட்டது. உறுதியும் கையில் இல்லை. வழி உண்டா?
3. பெர்மிட் காணியில் ஒருவர் பன்னிரண்டு வருடமாக இருக்கிறார். காணி அவருக்குப் போய்விட்டதா?

விடைகள்: (1) ஆரம்ப நீதிமன்றம், 66ஆம் பிரிவு. (2) உண்டு. ஒரு வருடத்துக்குள் மாவட்ட நீதிமன்றம், 4ஆம் பிரிவு. (3) இல்லை. ஆனால் இனியும் தாமதிக்க வேண்டாம்.

மூன்றுக்கும் சரியான விடை சொன்னவர்கள், சொல்லத் தெரியாத பக்கத்து லயத்தாருக்குச் சொல்லிக் கொடுங்கள். இது பொதுவான விளக்கம் மட்டுமே. ஒவ்வொரு காணிக்கும் ஒவ்வொரு கதை உண்டு, ஆகவே வழக்கிடும் முன் சட்டத்தரணியைக் காணுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து காகிதங்களை வெளியே எடுங்கள். எது உறுதி, எது பெர்மிட், எது வெறும் கடிதம் என்று பிரித்து வையுங்கள். பிரதி எடுத்து ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.